அக்கரை போன பிள்ளைகள்

வாசகர் கேள்வி பதில்

போன இதழில், "தினமும் காலையில் சுவான் ஹோ அவென்யூ ஜப்பானியக் கல்லறைத் தோட்டத்தில் நடப்பேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். நம் சிங்கப்பூரில் இருக்கும் அந்தத் தோட்டத்தைப் பற்றிய ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த இதழில் மருந்து மாத்திரைக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, சுவான் ஹோ அவென்யூ பக்கம் ஒரு தரைவீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறோம். வாடகையும் கட்டுபடியாகிறது. ஆனால் மாடி ஜன்னலைத் திறந்தால் கல்லறைதான் தெரிகிறது. எனக்கு இது ஐந்தாம் மாதம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "வயிற்றுப்பிள்ளைக்காரி மயானத்துக்கு எதிரே குடியிருப்பதா" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வது? (வாசகி, செங்காங்)

பதில்: முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவர் பயப்படுவது உங்களுக்காகவும் குழந்தைக்காகவும்தான்.

நான் அந்தத் தோட்டத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி 22 வருஷமாக இருக்கிறேன். என் மகள் பிரசவத்துக்கு இங்கேதான் வந்தாள். பேத்தி நடை பழகியதே அந்தப் பாதையில்தான். உள்ளே நுழைந்ததும் காகிதப்பூக் கொடிகள் வளைவாகப் படர்ந்து நிழல் கொடுக்கும். சுற்றிலும் வரிசை வீடுகள். ஒரு வீட்டில் துணி காயும், ஒரு வீட்டில் யாரோ ஒரு பிள்ளை பியானோ பழகும். காலை ஏழரை மணிக்கு அங்கே கேட்கும் சத்தம் மைனாக்களும் துடைப்பமும்தான்.

உங்கள் மாமியார் மயானம் என்று சொல்வது அவர் ஊர் நினைப்பில்: பாடை வரும், பறை கேட்கும், புகை வரும். இங்கே அதெல்லாம் கிடையாது. சிங்கப்பூரில் 1973-ல் 42 இடுகாடுகளில் புதைப்பதை நிறுத்தினார்கள், அதில் இதுவும் ஒன்று. 1987-ல் நினைவுப் பூங்காவாக மாற்றினார்கள். மொத்தம் 29,359 சதுர மீட்டர், 910 கல். ஏக்கர் கணக்கில் ஏழு ஏக்கர் சொச்சம். அங்கே இருக்கிற எல்லோருமே நம் பாட்டிமார் வயதுக்காரர்கள், அல்லது அதற்கும் மூத்தவர்கள்.

ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் மாமியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். வாதாடாதீர்கள், நடந்தால் போதும். அப்புறமும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள். பிரசவ நேரத்தில் வீட்டில் ஒருவர் பயந்துகொண்டே இருப்பது உங்களுக்கும் நல்லதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் பூச்சட்டித் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 31 வருஷம் தாதியாக இருந்தவள் சொல்கிறேன், கர்ப்பிணிக்கு டெங்கி வந்தால் படும் பாடு கொஞ்சமல்ல.

கேள்வி: அம்மா, அங்கே பெரிய கல்லறைகளுக்கு நடுவே செங்கல் அளவுக்குச் சின்னச் சின்னக் கற்கள் வரிசையாக இருக்கின்றனவே, அவை குழந்தைகளின் கல்லறைகளா? (வாசகர், ஹவ்காங்)

பதில்: குழந்தைகள் இல்லை. ஆனால் என் கணக்கில் பிள்ளைகள்தான்.

அந்தக் கற்கள் முழங்கால் உயரம்கூட இருக்காது. மழை பெய்து முடிந்ததும் போய்ப் பாருங்கள். பாசி கறுத்து, எழுத்து இருந்த இடம் லேசான பள்ளமாகத் தெரியும். விரலால் தடவினால்தான் ஒரு கோடு இருப்பதே பிடிபடும். சிலவற்றில் அதுவும் இல்லை. பல கற்கள் முதலிலேயே பெயர் வெட்டாமல் நட்டவை.

அந்தக் கற்களுக்குக் கீழே இருக்கும் ஜப்பானியப் பெண்களைக் கராயுகி சான் என்பார்கள். 'காரா' என்றால் பழைய ஜப்பானியப் பேச்சில் சீனா, அப்புறம் பொதுவாகக் கடல் கடந்த தேசம். 'யுகி' என்றால் போவது. நம் கிராமத்துப் பேச்சில் அக்கரைச் சீமைக்குப் போனவள் என்போமே, அப்படியே அதுதான். இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டபோது எனக்கு என் அம்மாச்சி ஞாபகம்தான் வந்தது. அவரை ஊரில் கடைசி வரைக்கும் "அக்கரைக்காரி" என்றுதான் சொன்னார்களாம்.

பெரும்பாலும் கியூஷூ தீவின் ஷிமபாரா, அதற்கு எதிரே உள்ள அமகுசா தீவுகள், இந்த இரண்டு பக்கத்துப் பெண்கள். கல்லாங்காட்டு நிலம், நெல் விளையாது, வள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள். தரகன் வருவான். வெளிநாட்டில் வேலை, மாதாமாதம் பணம் அனுப்பலாம் என்பான். குச்சினோட்சு துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப் போகும் கப்பல்களில், கரிக்கு நடுவே ஒளித்துவைத்துக் கடத்திக்கொண்டு வந்தார்கள். இங்கே வந்து இறங்கும்போதே கப்பல் கூலி, தரகன் கூலி, துணிமணி எல்லாம் கடனாக அவள் தலையில் ஏறியிருக்கும். அந்தக் கடனை உடம்பால் அடைக்க வேண்டும். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள்.

அவர்களை வைத்திருந்த தெருக்கள் எவை தெரியுமா? மலாய் ஸ்திரீட், ஹைலாம் ஸ்திரீட், மலபார் ஸ்திரீட். இன்றைக்கு பூகிஸ் ஜங்ஷன் கடைத்தொகுதிக்குள் கண்ணாடிக் கூரை போட்டுக் குளுகுளுவென்று இருக்கிறதே, அதே தெருக்கள். என் பேத்திக்கு அங்கேதான் பள்ளிக்கூடச் செருப்பு வாங்கினேன். வாங்கிவிட்டுத் திரும்பும்போது தெருப் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தேன். அதற்கு மேல் கடைகளைப் பார்க்கத் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பெண்கள் எப்படிச் செத்திருப்பார்கள் என்று என் தொழிலில் இருந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். சிபிலிஸ், காசநோய், மலேரியா, பிரசவம். சிபிலிஸுக்குப் பென்சிலின் கைக்கு வந்ததே 1940-களில். காசநோய்க்கான ஊசியும் அதே காலம்தான். அதற்கு முன்னால் நோய் முற்றினால் பாயும் சுவரும்தான் கதி. சிபிலிஸ் இன்று ஆரம்பத்திலேயே பிடித்தால் ஒரே பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய். சின்னக் கல்லின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான் வரும்.

இந்த நிலம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். செத்தவர்களைப் புதைக்கச் சரியான இடம் இல்லாமல் இருந்தபோது, ஃபுதாகி தகாஜிரோ என்பவர் தன் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அவரும் வேறு இரண்டு பேரும் சேர்ந்து ஆங்கில அரசாங்கத்திடம் மனுப்போட்டு, 1891-ல் அனுமதி வந்தது. மூன்று பேருமே விபசார விடுதி நடத்தியவர்கள். இந்தப் பெண்களை வைத்துச் சம்பாதித்த கைதான் இந்த மண்ணையும் கொடுத்தது. அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் அந்த மண் இல்லாவிட்டால் இந்தக் கல்லும் இல்லை, இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதும் யாருக்கும் தெரியாது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் மனதில் வைத்திருக்கிறேன்.

1920-ல் ஜப்பானியத் தூதரகமே விடுதிகளை மூடச் சொல்லிவிட்டது. சிலர் ஊர் திரும்பினார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் கட்டிய வீட்டிலேயே அவர்களைச் சேர்க்காதவர்களும் உண்டு.

கேள்வி: நீங்கள் அங்கே நடப்பதைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. என் தாத்தாவைக் கூலாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான். திரும்பி வரவே இல்லை. அந்தக் கல்லறையில் ஜப்பான் தளபதிக்கும் நினைவுக்கல் இருக்கிறதாமே. அங்கே நம்மவர்கள் போகலாமா? என் அப்பா உயிரோடு இருந்தால் ஒப்பமாட்டார். (வாசகர், ஜொகூர் பாரு)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். உடனே பதில் எழுத முடியவில்லை.

என் அம்மாச்சியின் அண்ணனும் போனவர்தான். மாவட்டம்கூட உங்களுடையதேதான். தோட்டத்தில் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, வந்தவர்களை லாரியில் ஏற்றியதாக அம்மாச்சி சொல்வார். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1943 அக்டோபரில் முடித்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே போய்விட்டார்கள். அண்ணன் செத்த தேதி தெரியாது, அதனால் திதி கிடையாது. மகாளய அமாவாசைக்கு மட்டும் அம்மாச்சி அவருக்குத் தனி இலை போடுவார். இலையில் சோற்றோடு ஒரு கருவாட்டுத் துண்டு வைப்பார். அமாவாசைக்குக் கருவாடா என்று யாராவது கேட்டால், "அவன் அதுதான் கேப்பான்" என்பார். அவ்வளவுதான் பதில்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். தெரௌச்சி ஹிசாய்ச்சிக்கு அங்கே கல் இருக்கிறது. தெற்குப் படைகள் முழுவதற்கும் தலைமைத் தளபதி அவர். அந்த ரயில் பாதை போட்டது அவருடைய படைதான். போர் முடிந்து காவலில் இருக்கும்போது 1946 ஜூனில் உங்கள் ஜொகூரிலேயே, ரெங்கத்தில் இறந்தார். சாங்கியில் தூக்கிலிடப்பட்ட போர்க் குற்றவாளிகளின் சாம்பலும் அங்கே இருக்கிறது. இதை மறைத்து உங்களை வாருங்கள் என்று கூப்பிட மாட்டேன்.

நான் அந்தப் பக்கம் கும்பிடுவதில்லை. 22 வருஷத்தில் ஒரு நாளும் இல்லை. அந்த இடம் வந்தால் நிற்காமல் நடந்துவிடுவேன். நான் நிற்பது சின்னக் கற்களுக்கு முன்னால். அந்தப் பெண்களில் பலர், ஜப்பான் படை சிங்கப்பூரைப் பிடித்த 1942-க்கு வெகு காலம் முன்னாலேயே செத்துப்போனவர்கள். துப்பாக்கி தூக்கியவனும் அவர்களும் ஒரே பாஷை பேசினார்கள் என்பதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. உங்கள் தாத்தாவை லாரியில் ஏற்றியவனைவிட, லாரியில் ஏறிய உங்கள் தாத்தாவுக்குத்தான் அந்தப் பெண் நெருக்கம். இரண்டு பேரையும் பொய் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் வீட்டில் ஒரு தாய் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் அப்பாவின் வார்த்தைக்காகப் போகாமல் இருந்தாலும் அது சரிதான். தாத்தாவுக்காக ஓர் இடத்தில் நிற்க வேண்டும் என்று இருந்தால் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய்வாருங்கள். அங்கே வாட் தாவோர்ன் என்கிற புத்தர் கோயில் வளாகத்தில் நம் ஆட்களுக்காக 2023-ல் நடுகல் நட்டிருக்கிறார்கள். தமிழில் எழுத்து இருக்கிறது. போகும்போது ஒரு கருவாட்டுத் துண்டோ, உங்கள் தாத்தாவுக்குப் பிடித்தது எதுவோ, அதைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பாட்டி, நான் உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். ஜப்பானிய மொழி தெரியாது. கல்லில் உள்ள வருஷத்தை மட்டுமாவது படிக்க வழி உண்டா? (மாணவி, சிராங்கூன் நார்த்)

பதில்: உண்டு கண்ணு, ரொம்பச் சுலபம். எழுத்து மேலிருந்து கீழே போகும். ஒன்று, இரண்டு, மூன்று என்பது ஒரு படுக்கைக் கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. பத்து என்பது கூட்டல் குறி. மூன்று கோடும் அதற்குக் கீழே கூட்டல் குறியும் இருந்தால் முப்பது. நான்கிலிருந்து ஒன்பது வரைக்கும் ஆறு எழுத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போ.

அது எந்த மன்னர் காலத்து வருஷம் என்று பார்க்க வேண்டும். மேஜி என்றால் 1867-ஐக் கூட்டு. மேஜி 30 என்றால் 1897. தாய்ஷோ என்றால் 1911-ஐக் கூட்டு, ஷோவா என்றால் 1925-ஐ. ஷோவா 17 என்றால் 1942, அந்த வருஷம் என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். இந்த மூன்று பெயரும் எப்படி எழுதியிருக்கும் என்பதைக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்புக்கட்டி தேய்க்காதே, கம்பித் தூரிகையும் வேண்டாம், கல் உதிரும். காலை வெயில் சாய்ந்து விழும்போது போனால் தானாகவே தெரியும். இல்லாவிட்டால் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடி. கல் மேல் தண்ணீர் ஊற்றலாம். அது அவர்கள் வழக்கமே. வாளியும் அகப்பையும் கொண்டுவந்து தலையிலிருந்து ஊற்றுவார்கள், நாம் சிலைக்கு அபிஷேகம் செய்வதுபோல.

கேள்வி: அங்கே புகழ்பெற்றவர்கள் யாராவது இருக்கிறார்களா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: ஃபுதபத்தேய் ஷிமேய் என்கிற எழுத்தாளருக்கு நினைவுக்கல் உண்டு. ரஷ்யாவிலிருந்து ஊர் திரும்பும்போது 1909-ல் நம் வங்காள விரிகுடாவில் கப்பலிலேயே இறந்தார். இங்கே கொண்டுவந்து எரித்தார்கள்.

எனக்குப் பிடித்தவர் ஓத்தோக்கிச்சி. பதின்ம வயதில் அரிசிக் கப்பலில் வேலைக்குப் போனவர். 1832-ல் புயலில் சிக்கிப் பாய்மரம் போய், ஒரு வருஷத்துக்கு மேல் பசிபிக் கடலில் மிதந்து, அமெரிக்கக் கரையில் ஒதுங்கினார்கள். பதினாலு பேரில் மிஞ்சியது மூன்று பேர். அப்போது வெளிநாடு போனவனை ஜப்பான் திரும்பச் சேர்க்காது. ஊருக்குக் கொண்டுவிட வந்த கப்பலைப் பீரங்கியால் சுட்டுத் துரத்திவிட்டார்கள். கடைசியில் சிங்கப்பூருக்கு 1862-ல் வந்து, 1867-ல் இங்கேயே காலமானார். அவருடைய எலும்புகளை 2004-ல்தான் கண்டுபிடித்தார்கள். சாம்பலில் ஒரு பங்கு அடுத்த வருஷம் ஊர் போய்ச் சேர்ந்தது, மீதி இந்தத் தோட்டத்தில். 173 வருஷம் கழித்து வீடு திரும்பினார் மனிதர்.

கேள்வி: நம் முன்னோர்களின் கல்லறைகளையெல்லாம் தோண்டிவிட்டார்கள். ஜப்பானியர்களுடையதை மட்டும் ஏன் விட்டார்கள்? என் தாத்தா பிடாடாரி இடுகாட்டில் இருந்தார். இன்று அங்கே வீட்டு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகள். (வாசகர், உட்லீ)

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பீஷான் இருக்கிற இடம் பெக் சான் தெங் இடுகாடு. ஆர்ச்சர்ட் சாலையில் நீ ஆன் சிட்டி நிற்கும் இடமும் இடுகாடுதான். சின்ன ஊர், உயிரோடு இருப்பவர்களுக்கும் இடம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஜப்பானியத் தோட்டம் பிழைத்ததற்கு ஒரு காரணம், அதைப் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம் இருந்தது. ஜப்பானியர் சங்கம்தான் இன்றுவரை பராமரிக்கிறது. கேட்க ஆள் இல்லாத கல் முதலில் போகும். இது நான் நம் சமூகத்தின் மேல் வைக்கிற குறை இல்லை. தோட்டத்திலும் துறைமுகத்திலும் கூலி வேலை பார்த்தவர்களுக்குக் கல் வைக்கவே காசு இல்லை.

என் அக்காவும் பிடாடாரியில்தான் இருந்தாள். அம்மாவின் முதல் குழந்தை. பதினோரு நாள்தான் இருந்தாளாம். பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டோமே, இந்துக்கள் பகுதியில் புதைத்தார்கள். அப்பா ஒரு பலகையில் தேதி எழுதி நட்டுவைத்தார். மழையில் பலகை எத்தனை நாள் நிற்கும்? எனக்கு விவரம் தெரிந்து அம்மா கூட்டிக்கொண்டு போனபோது, "அந்த மரத்துக்கும் இந்த வாய்க்காலுக்கும் நடுவில்" என்று கையால் காட்டினார். 2001-க்குப் பிறகு அங்கே தோண்ட ஆரம்பித்தபோது எங்களிடம் சொல்ல எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. அவளுக்குப் பெயரே வைக்கவில்லை.

நான் சுவான் ஹோ அவென்யூவுக்கு நடக்கப் போக ஆரம்பித்தது அந்த வருஷங்களில்தான். பெயர் வெட்டாத ஒரு கல்லுக்குத் தினமும் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றுவேன். கடைசி வரிசையில், வேலியோரம் இருக்கிறது. யாருடையது என்று தெரியாது.

உங்கள் தாத்தாவின் கல்லறைப் படம் வீட்டில் ஏதாவது இருக்கிறதா? பழைய ஆல்பங்களில் தேடுங்கள், கருமாதிக்கு எடுத்த படத்தின் ஓரத்திலாவது இருக்கும். கிடைத்தால் பின்பக்கம் பென்சிலால் அவர் பெயர், அப்பா பெயர், சொந்த ஊர், இறந்த தேதி, பிடாடாரியில் எந்தப் பிரிவு என்று எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.